இணைய நிருவாகத்திற் பொறுப்புக்கூறல்: ஐகான் அமைப்பின் சுயமதிப்பீட்டு வரலாறு

அதிகாரம் செலுத்தும் எந்த நிறுவனமும் தன் செயல்களுக்கு எவருக்கேனும் விடைகூறக் கடமைப்பட்டுள்ளது என்பது அரசியற் சிந்தனையின் அடிப்படைகளுள் ஒன்றாகும். அமைச்சரவை பாராளுமன்றத்துக்கு விடைகூறுகின்றது. பாராளுமன்ற உறுப்பினர் வாக்காளருக்கு விடைகூறுகின்றனர். கம்பனியின் பணிப்பாளர் பங்குதாரருக்கு விடைகூறுகின்றனர். இம்மூன்று நிலைகளிலும் பொதுவாயமைந்த பண்பொன்று உண்டு. விடையைக் கேட்பவன், அவ்விடை திருப்தியளிக்காதவிடத்து, விடைகூறுபவனைப் பதவியினின்றும் அகற்றும் வலிமை உடையவனாக இருக்கின்றான்.

இணையத்தின் பெயர்களையும் எண்களையும் உலகளாவிய நிலையில் ஒழுங்குபடுத்தும் நிறுவனம், இம்மரபுவழிப் பகுப்புக்களுள் எதனுள்ளும் எளிதில் அடங்குவதன்று. ‘ஐகான்’ எனச் சுருக்கமாக வழங்கப்படும் அந்நிறுவனத்திற்குப் பொதுத்தேர்தலில் வாக்களிப்போர் இல்லை, பங்குதாரரும் இல்லை, 2016ஆம் ஆண்டின் பின்னர் ஒப்பந்த மூலம் மேற்பார்வை செய்யும் அரசும் இல்லை. இவ்வெற்றிடத்தை நிரப்பும் பொருட்டு அது கையாண்டு வந்துள்ள பிரதான கருவி மீளாய்வு ஆகும். தன் செயற்பாட்டைத் தானே குறித்த காலத்துக்கொருமுறை ஆராய்ந்து அறிக்கையிடும் ஒழுங்கினை இந்நிறுவனம் போன்று விரிவாக அமைத்துக்கொண்ட உலக நிறுவனங்கள் மிகச் சிலவே. ஆயினும், மீளாய்வு என்பது பொறுப்புக்கூறலாகிவிடுமா? மதிப்பிடப்படுபவனே மதிப்பீட்டுக்கு வழியமைத்து, அதன் முடிவுகளை ஏற்பதா விடுவதா என்பதையும் தீர்மானிப்பானாயின் அம்மதிப்பீட்டின் பயன் யாது? இவ்வினாவை ஐகானின் வரலாற்றினூடாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் அதிகாரமும்

கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே இனங்காண்கின்றன. மனிதர் நினைவிற்கொள்ளத்தக்க பெயர்களை அவ்வெண்களாக மாற்றித்தரும் ஆள்களப் பெயர் முறைமையை 1983ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த போல் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். இம்முறைமை தலைகீழாக நிற்கும் மரத்தை ஒத்தது. அதன் உச்சியில் வேர்ப் பட்டியல் உள்ளது. ‘டொட் கொம்’, ‘டொட் ஓர்க்’ முதலான பொதுப் பெயர்களும், நாடுகளுக்குரிய பெயர்களும் அப்பட்டியலில் இடம்பெற்றால் மாத்திரமே உலகெங்கணும் செல்லுபடியாகும். பட்டியலில் இல்லாத பெயர், நடைமுறையில் இணையத்தில் இல்லாத பெயராகும்.

எனவே வேர்ப் பட்டியலில் எதனைச் சேர்ப்பது, ஒரு பெயரின் நிருவாகத்தை எவரிடம் ஒப்படைப்பது என்பவை தொழினுட்ப வினாக்கள் மட்டுமல்ல; அவை பொருளாதார, அரசியல் வினாக்களுமாகும். ‘.இலங்கை’ எனத் தமிழெழுத்தில் அமைந்த நாட்டுப் பெயர் 2010ஆம் ஆண்டில் வேர்ப் பட்டியலில் இடம்பெற்றதும் ஐகானின் நடைமுறைகளுக்கு ஊடாகவேயாம். 2012ஆம் ஆண்டில் புதிய பொதுப் பெயர்களுக்கு விண்ணப்பம் கோரப்பட்டபோது 1,930 விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன. விண்ணப்பம் ஒன்றுக்கான கட்டணம் 185,000 அமெரிக்க டொலர். இத்தொகைகளை நோக்குமிடத்து, இந்நிறுவனத்தின் முடிவுகளில் எத்துணைப் பெரிய நலன்கள் தங்கியுள்ளன என்பது தெளிவாகும்.

தோற்றம்

ஆரம்ப காலத்தில் இவ்வதிகாரம் பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் நேர்மையிலேயே தங்கியிருந்தது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவகத்தில் பணிபுரிந்த ஜொன் பொஸ்டல், அமெரிக்க அரசின் நிதியுதவியுடன், எண்களினதும் பெயர்களினதும் பதிவேட்டைப் பேணிவந்தார். அவரது தீர்ப்பின்மீது கணினி அறிஞர் கொண்டிருந்த மதிப்பே அன்றைய பொறுப்புக்கூறலாக அமைந்தது எனலாம்.

தொண்ணூறுகளில் இணையம் வணிகத்தின் களமாகியதும் இந்நிலை தளம்பியது. 1998 ஜனவரி 28ஆம் நாளன்று பொஸ்டல், முதன்மை வழங்கி தவிர்ந்த பன்னிரண்டு வேர் வழங்கிகளுள் எட்டினை, அரசின் ஒப்பந்தக் கம்பனியின் கணினியை விடுத்துத் தம் கணினியிலிருந்து பட்டியலைப் பெறுமாறு மின்னஞ்சல் மூலம் கேட்டுக்கொண்டார். அவற்றை நடத்தியோர் அவ்வாறே செய்தனர். வெள்ளை மாளிகையின் ஆலோசகரான ஐரா மகசினர் தலையிட்டதன் பின்னர் பழைய நிலை மீண்டது. இணையப் பயனாளர் எவரும் இம்மாற்றத்தை உணர்ந்திலர். ஆயினும் ஒரு மின்னஞ்சலால் வேரையே திருப்பிவிடலாம் என்ற உண்மை அரசுக்கு எச்சரிக்கையாக அமைந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க வணிகத் திணைக்களம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, உறுதிநிலை, போட்டி, தனியார் ஒருங்கிணைப்பு, பிரதிநிதித்துவம் ஆகிய நான்கையும் அடிப்படைக் கொள்கைகளாக முன்வைத்தது. அதற்கமைய 1998 செப்டெம்பர் 30ஆம் நாளன்று கலிபோர்னியா மாநிலச் சட்டத்தின் கீழ், இலாப நோக்கற்ற பொதுநலக் கூட்டுத்தாபனமாக ஐகான் பதிவு செய்யப்பட்டது. இரு வாரங்கள் கழிந்து, ஒக்டோபர் 16ஆம் நாளன்று, பொஸ்டல் காலமானார். தனிமனித நம்பிக்கையின் காலம் முடிவுற்று நிறுவனத்தின் காலம் ஆரம்பமாயிற்று. நவம்பர் மாதத்தில் வணிகத் திணைக்களம் ஐகானுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டது. ஐகான் தன் முன்னேற்றத்தை அத்திணைக்களத்திற்கு அறிக்கையிட வேண்டியதாயிற்று. ஆகவே முதற்கட்டத்தில் விடைகேட்கும் தானத்தில் இருந்தது ஓர் அரசேயாகும். உலகின் ஏனைய அரசுகளுக்கும் மக்களுக்கும் அவ்வுரிமை கிடைக்கவில்லை.

தேர்தல் கைவிடப்பட்டமை

ஐகானின் முதற் பணிப்பாளர் சபை எவராலும் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. இக்குறையை நீக்க, பத்தொன்பது பணிப்பாளருள் ஒன்பதின்மரை இணையப் பயனாளர் நேரடியாகத் தெரிவுசெய்வர் என்னும் எண்ணம் ஆரம்பத்தில் இருந்தது. பின்னர் அவ்வெண்ணிக்கை ஐந்தாகக் குறைக்கப்பட்டது. 2000 ஒக்டோபர் மாதத்தில் உலகளாவிய தேர்தலொன்று கணினிவழி நடைபெற்றது. ஏறத்தாழ 34,000 பேர் வாக்களித்து, பிரதேசத்துக்கு ஒருவராக ஐவரைத் தெரிவுசெய்தனர். உலக மக்கள்தொகையுடன் ஒப்பிடுகையில் இத்தொகை அற்பமே. ஆயினும், நாட்டெல்லைகளைக் கடந்து ஓர் உலக நிறுவனத்தின் பணிப்பாளரைச் சாதாரணப் பயனாளர் தெரிவுசெய்தமை புதுமையான நிகழ்ச்சி என்பதில் ஐயமில்லை.

அவ்வாறு வட அமெரிக்காவிலிருந்து தெரிவான கார்ல் அவர்பாக், பணிப்பாளர் என்ற முறையில் நிறுவனத்தின் பதிவேடுகளைப் பார்வையிட விரும்பினார். நிருவாகம் விதித்த இரகசியக் காப்பு நிபந்தனைகளை அவர் ஏற்கவில்லை. 2002ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் நீதிமன்றத்தை நாடினார். ஜூலை மாதத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தன் பணிப்பாளர் ஒருவருக்கே கணக்கேட்டைத் தடையின்றிக் காட்டத் தயங்கிய நிறுவனத்தை, கலிபோர்னியச் சட்டமே அதற்கு உடன்படச் செய்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

எனினும் அவ்வாண்டிலேயே தேர்தல் முறையும் கைவிடப்பட்டது. நிறுவனத்தின் தலைவராகவிருந்த ஸ்டுவர்ட் லின் 2002 பெப்ருவரி மாதத்தில் முன்வைத்த சீர்திருத்தத் திட்டத்தைத் தொடர்ந்து, புதிய அமைப்பு விதிகள் அவ்வாண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தன. நேரடித் தேர்தலுக்குப் பதிலாக, பணிப்பாளருட் பலரைத் தேர்ந்து நியமிக்கும் குழுவொன்று ஏற்படுத்தப்பட்டது. உலகத் தேர்தல் செலவு மிக்கது, மோசடிக்கு இடந்தருவது, வாக்காளர் யாவர் என்று வரையறுக்க இயலாதது என்பன அதற்கெதிராகக் கூறப்பட்ட நியாயங்கள். அவை முற்றிலும் வலுவற்றவை அல்ல. ஆனால், பதவியினின்றும் அகற்றும் வலிமை பயனாளரின் கையை விட்டு நீங்கியதும், விடைகேட்பவர் யார் என்ற வினா மீண்டும் எழுந்தது. அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைதான் மீளாய்வு.

மீளாய்வின் எழுச்சி

புதிய விதிகள் பரிகாரங்கள் மூன்றினை வகுத்தன. பணிப்பாளர் சபையிடமே மீள்பரிசீலனை கோருதல், குறைகேள் அதிகாரியிடம் முறையிடுதல், வெளியாரான நடுவர் குழுவொன்றின் சுயாதீன மீளாய்வைக் கோருதல் என்பனவே அவை. இவற்றோடு, நிறுவனத்தின் ஒவ்வோர் உறுப்பும் குறித்த காலத்துக்கொருமுறை வெளியாரால் மதிப்பிடப்பட வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. பொதுப் பெயர்களுக்குரிய கொள்கை வகுக்கும் உறுப்பினை 2006ஆம் ஆண்டில் இலண்டன் பொருளியற் கல்லூரி ஆராய்ந்தது. 2007ஆம் ஆண்டில் ‘வன் வேர்ல்ட் டிரஸ்ட்’ என்னும் பிரித்தானிய அமைப்பு, ஐகானின் வெளிப்படைத்தன்மையையும் பொறுப்புக்கூறலையும் மதிப்பிட்டது. அவ்வறிக்கையின் சாரம் கருத்தூன்றத்தக்கது. ஐகான் ஏராளமான தகவல்களை வெளியிடுகின்றது. ஆனால், பொதுமக்கள் தெரிவித்த கருத்துக்கள் முடிவுகளில் எங்ஙனம் இடம்பெற்றன என்பதைப் போதிய அளவு விளக்குவதில்லை. தகவல் மிகுதி வேறு, விளக்கம் வேறு என்னும் இவ்வேறுபாடு பின்னைய அறிக்கைகளிலும் திரும்பத் திரும்ப ஒலிக்கக் காணலாம்.

இதற்கிடையில் உலக அரங்கிலும் எதிர்ப்பு வலுத்தது. 2003இல் ஜெனீவாவிலும் 2005இல் தூனிஸிலும் நடைபெற்ற தகவற் சமூகத்திற்கான உலக உச்சிமாநாட்டில், தனியொரு வல்லரசு வேர்ப் பட்டியலை மேற்பார்வை செய்வது தகுமா எனப் பல நாடுகள் வினவின. இவ்வழுத்தத்தின் பின்னணியில், 2009 செப்டெம்பர் 30ஆம் நாளன்று வணிகத் திணைக்களமும் ஐகானும் ‘கடப்பாடுகளின் உறுதிமொழி’ என்னும் ஆவணத்தில் ஒப்பமிட்டன. திணைக்களத்திற்கு மட்டும் அறிக்கையிடும் முறை அதனுடன் நீங்கியது. பதிலாக, பொறுப்புக்கூறலும் வெளிப்படைத்தன்மையும், பாதுகாப்பும் உறுதிநிலையும், போட்டியும் நுகர்வோர் நம்பிக்கையும், பெயர்ப் பதிவாளர் விபரங்கள் ஆகிய நான்கு துறைகளிலும் சமூகப் பிரதிநிதிகள் அடங்கிய குழுக்கள் காலத்துக்குக் காலம் மீளாய்வு நடத்த வேண்டுமென ஏற்பாடாயிற்று.

பொறுப்புக்கூறல் பற்றிய முதலாவது குழு 2010 டிசெம்பர் 31ஆம் நாளன்று இருபத்தேழு பரிந்துரைகளுடன் அறிக்கை சமர்ப்பித்தது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் பேர்க்மன் நிலையத்தைக் கொண்டு சிறப்பாய்வுகளையும் அது செய்வித்தது. முடிவுகளுக்கான காரணங்களைப் பணிப்பாளர் சபை எழுத்தில் வெளியிடும் வழக்கம் வலுப்பெற்றதற்கு இவ்வறிக்கை துணைபுரிந்தது. இது சிறிய பயனன்று. ஆயினும் குழுவின் அமைப்பிலேயே ஒரு முரண்பாடு இருந்தது. உறுப்பினரைத் தெரிவுசெய்யும் பொறுப்பு, ஐகான் பணிப்பாளர் சபைத் தலைவரிடமும் அரசாங்கங்களின் ஆலோசனைக் குழுத் தலைவரிடமும் கூட்டாக ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவ்விருவருக்கும் குழுவிலும் இடம் உண்டு. சோதிக்கப்படுபவர் சோதிப்போரைத் தெரிந்தெடுத்து அவர்களோடு உடன் அமர்ந்த நிலை அதுவாகும்.

அறிக்கை வெளியாகி ஆறு மாதங்களின் பின், 2011 ஜூன் மாதத்தில், புதிய பொதுப் பெயர்களுக்கான திட்டத்தைச் சபை அங்கீகரித்தது. அதற்கு ஆதரவாக வாக்களித்த அப்போதைய சபைத் தலைவர், தம் பதவிக்காலம் முடிந்து சில வாரங்களுள், அத்தகைய பெயர்களைப் பெறும் முயற்சியில் ஈடுபட்டிருந்த கம்பனியொன்றின் உயர்பதவியை ஏற்றார். அதனைத் தடுக்கும் விதி அன்று இருக்கவில்லை. கடுமையான கண்டனங்களின் பின்னரே நலன் முரண்பாடு பற்றிய விதிகள் இறுக்கப்பட்டன. பரிந்துரைகளின் தொகை பெருகுவதால் மட்டும் நடத்தை திருந்திவிடுவதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

சுயாதீன மீளாய்வின் வரலாறும் இவ்வகையினதே. பாலியல் சார்ந்த தளங்களுக்கெனத் தனிப் பெயர் கோரிய ஐ.சி.எம். என்னும் பதிவகத்தின் முறையீட்டில், சர்வதேச நீதிமன்றத்தின் முன்னாள் தலைவரான ஸ்டீபன் ஷ்வேபெல் தலைமையிலான நடுவர் குழு, 2010 பெப்ருவரியில் பெரும்பான்மையாக அப்பதிவகத்துக்குச் சார்பாக முடிவு கூறியது. அதேவேளை, அம்முடிவு பணிப்பாளர் சபையைக் கட்டுப்படுத்தாது, ஆலோசனை மாத்திரமே எனவும் அக்குழு கருதியது. ‘டொட் ஆபிரிக்கா’ என்னும் பெயர் பற்றிய பிறிதொரு முறையீட்டை விசாரித்த குழுவோ, தன் முடிவு கட்டுப்படுத்தும் வலிமை வாய்ந்தது எனக் கொண்டு, 2015 ஜூலையில் ஐகானுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒரே விதிக்கு இருவேறு பொருள் கொள்ளப்பட்டமை, இறுதி அதிகாரம் எங்குள்ளது என்பது தெளிவாக எழுதப்படாதிருந்தமையையே காட்டுகின்றது.

2016ஆம் ஆண்டின் மாற்றம்

அமெரிக்க அரசின் இரகசியக் கண்காணிப்புக்களை எட்வர்ட் ஸ்னோடன் 2013 ஜூன் மாதத்தில் வெளிப்படுத்தியதைத் தொடர்ந்து, அவ்வரசின் மேற்பார்வை நீடிப்பது மேலும் கடினமாயிற்று. 2014 மார்ச் 14ஆம் நாளன்று, வேர் சார்ந்த பணிகளில் தனக்கிருந்த பொறுப்பை உலக இணையச் சமூகத்திடம் கையளிக்க விரும்புவதாக வணிகத் திணைக்களத்தின் முகவரகம் அறிவித்தது. அரசு விலகிய பின் ஐகானைக் கட்டுப்படுத்துவோர் யார்? இதனை ஆராய்வதற்கு, பல்வேறு தரப்பினரும் பங்குபற்றிய செயற்குழுவொன்று அமைக்கப்பட்டது.

இச்செயற்குழுவில் நிகழ்ந்த விவாதமே இவ்வரலாற்றின் மையப்பகுதி எனலாம். 2015 ஆகஸ்டில் செயற்குழு வெளியிட்ட வரைவு, சமூகத்தை ஐகானின் ஒரேயோர் அங்கத்தவராகச் சட்டபூர்வமாக்க விழைந்தது. கலிபோர்னியச் சட்டத்தின்படி அங்கத்தவருக்கு விரிந்த உரிமைகள் உள. பணிப்பாளர் சபை அதனை எதிர்த்தது. இறுதியில், பணிப்பாளரை நியமிக்கவும் நீக்கவும் வலிமையுடைய, ஆனால் அங்கத்தவரிலும் குறைந்த அதிகாரமுடைய ஓர் அமைப்பே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ‘அதிகாரமளிக்கப்பட்ட சமூகம்’ என்பது அதன் பெயர். வரவுசெலவுத் திட்டத்தை நிராகரித்தல், விதித் திருத்தங்களை மறுத்தல், சபை முழுவதையும் நீக்குதல் ஆகிய உரிமைகள் அதற்கு வழங்கப்பட்டன. சுயாதீன மீளாய்வின் முடிவுகள் கட்டுப்படுத்தும் வலிமை பெற்றன. 2009ஆம் ஆண்டின் மீளாய்வுகளும் அமைப்பு விதிகளில் இடம்பெற்றன. 2016 செப்டெம்பர் 30ஆம் நாள் நள்ளிரவுடன் அரசின் ஒப்பந்தம் காலாவதியாயிற்று.

இம்மாற்றத்தின் சிறப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஒரு வல்லரசு தன் கையிலிருந்த அதிகாரத்தை, பிறிதோர் அரசுக்கோ அரசுகளின் கூட்டமைப்புக்கோ அன்றி, பல்தரப்பினர் கொண்ட சமூகத்திடம் விட்டுக்கொடுத்தமை அரிதாக நிகழ்வது. ஆயினும், அவ்வுரிமைகள் ஏட்டளவில் நில்லாது செயலில் நிற்பனவா என்பது பின்வந்த நிகழ்ச்சிகளாலேயே புலப்படும்.

மூன்று சோதனைகள்

முதலாவது, பாதுகாப்புப் பற்றிய இரண்டாவது மீளாய்வுக் குழுவின் அனுபவமாகும். 2017 ஒக்டோபர் மாத இறுதியில் பணிப்பாளர் சபை அக்குழுவின் பணியை இடைநிறுத்தியது. குழுவின் ஆய்வெல்லை முதலியன பற்றிய ஐயங்களே காரணமெனக் கூறப்பட்டது. அவ்வையங்களுக்கு ஆதாரம் இருந்திருக்கலாம். எனினும், மீளாய்வு செய்யப்படும் சபையே மீளாய்வாளரை நிறுத்திவைக்கலாம் என்னும் முன்மாதிரி அதனால் உருவாயிற்று. 2018 ஜூன் மாதத்தில் மீண்டும் கூடிய குழு, 2021 ஜனவரியில் அறுபத்து மூன்று பரிந்துரைகளுடன் தன் பணியை முடித்தது.

இரண்டாவது, 2020ஆம் ஆண்டில் வெளியான பொறுப்புக்கூறல் பற்றிய மூன்றாவது மீளாய்வாகும். முந்திய மீளாய்வுகளின் பரிந்துரைகள் நிறைவேற்றப்பட்டுவிட்டன என நிருவாகம் அறிவித்திருந்தது. குழு ஆராய்ந்தபோது அவற்றுட் பல முழுமையாக நிறைவேறவில்லை எனக் கண்டது. மீளாய்வுகள் ஒன்றன்மேலொன்றாகக் குவிந்து, அவற்றில் உழைப்போரைச் சோர்வடையச் செய்திருந்தமையையும் அது உணர்ந்தது. எனவே சில மீளாய்வுகளை இடைநிறுத்தவும், நிறுவனம் முழுவதையும் ஒருங்கே நோக்கும் மீளாய்வொன்றைத் தொடங்கவும் பரிந்துரைத்தது. அளவுக்கு மிஞ்சினால் மீளாய்வும் பொறுப்புக்கூறலுக்குத் திரையாகிவிடும் என்ற உண்மை, மீளாய்வுக் குழுவொன்றின் வாயிலாகவே வெளிப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது சோதனை இவையிரண்டினும் பெரிது. இலாப நோக்கற்ற அமைப்புக்கள் பெரிதும் விரும்பிப் பயன்படுத்தும் ‘டொட் ஓர்க்’ பெயரின் பதிவகத்தை, 113.5 கோடி அமெரிக்க டொலருக்குத் தனியார் முதலீட்டுக் கம்பனியொன்றுக்கு விற்கப்போவதாக, அதன் உரிமையாளரான இணையச் சங்கம் 2019 நவம்பரில் அறிவித்தது. தொண்டு நிறுவனங்கள் பலவும் எதிர்ப்புத் தெரிவித்தன. ஐகானின் சம்மதமின்றி அவ்விற்பனை நிறைவேறாது. மாதங்கள் கழிந்தன. 2020 ஏப்ரில் 15ஆம் நாளன்று கலிபோர்னியாவின் சட்டமா அதிபர் சேவியர் பெசெரா, இவ்விற்பனையை அங்கீகரிக்க வேண்டாமெனக் கடிதம் அனுப்பினார். பொதுநலக் கூட்டுத்தாபனம் என்ற முறையில் ஐகான் அவரது கண்காணிப்புக்கு உட்பட்டதாகும். ஏப்ரில் 30ஆம் நாளன்று பணிப்பாளர் சபை விற்பனைக்குச் சம்மதம் மறுத்தது. பொதுமக்களின் எதிர்ப்பு இம்முடிவுக்கு வழிவகுத்தது என்பது உண்மை. ஆயினும், மீளாய்வுக் குழுவோ அதிகாரமளிக்கப்பட்ட சமூகமோ அன்றி, நிறுவனத்துக்குப் புறத்தே நின்று கேள்விகேட்கச் சட்ட வலிமை படைத்த ஓர் அதிகாரியின் கடிதமே இறுதிக்கட்டத்தில் முன்னின்றது என்பதும் உண்மையாகும்.

முடிவுரை

இவ்வரலாற்றினின்றும் பெறப்படும் கருத்து ஒன்றுண்டு. அவர்பாக் கணக்கேட்டைக் கண்டது நீதிமன்றத்தினால். 2010ஆம் ஆண்டின் மீளாய்வு நடைபெற்றது அரசுடன் செய்துகொண்ட உறுதிமொழியினால். 2016ஆம் ஆண்டின் உரிமைகள் கிடைத்தது, அவையின்றி ஒப்பந்தத்தைக் கைவிட அரசு இணங்காது என்ற நிலையினால். ‘டொட் ஓர்க்’ விற்பனை தடைப்பட்டது பொதுமக்களின் எதிர்ப்பினாலும் சட்டமா அதிபரின் தலையீட்டினாலும். மீளாய்வு பயனளித்த இடங்களிலெல்லாம் அதன் பின்னே வெளியாரொருவரின் வலிமை நின்றது. அவ்வலிமை இல்லாதவிடத்து, நிறைவேறாத பரிந்துரைகளும் நிறைவேறியவையாக எண்ணப்பட்டன.

இதனால் சுயமதிப்பீடு பயனற்றது என்று கொள்ளுதல் தவறாகும். நிறைவேறாதவற்றை நிறைவேறாதவை எனப் பகிரங்கமாக எழுதியதும் அம்மீளாய்வுகளே. அவ்வறிக்கைகள் யாவர்க்கும் கிடைப்பதனாலேயே இத்தகைய ஆராய்ச்சியும் சாத்தியமாகின்றது. மீளாய்வு குறையைக் கண்டறிகின்றது. கண்டறிந்த குறையைத் திருத்துமாறு நிர்ப்பந்திக்கும் ஆற்றல் அதற்குத் தானாக வந்துவிடுவதில்லை. சபை முழுவதையும் நீக்கும் உரிமை 2016ஆம் ஆண்டு முதல் சமூகத்தின் கையில் உள்ளது; அது ஒருபோதும் பிரயோகிக்கப்படவில்லை. பிரயோகிக்கப்படாமையே அதன் பலவீனம் என்றல்ல. தேவை நேரும்போது அதனைப் பிரயோகிக்கும் துணிவும் ஒற்றுமையும் பல்வேறு நலன்களாகப் பிரிந்துகிடக்கும் அச்சமூகத்திடம் உண்டென்பதைப் பணிப்பாளர் நம்ப வேண்டும். அந்நம்பிக்கை உள்ளவரை மீளாய்வு அறிக்கை மதிக்கப்படும். அது நீங்கின், அறிக்கை அலுமாரியை நிரப்பும் தாளாகவே எஞ்சும்.